பொருளுக்கு முன்னே வரும் பேச்சு

ஒரு பொருள் கடைக்கு வருவதற்கு வெகு முன்பே அதைப் பற்றிய பேச்சு சந்தைக்கு வந்துவிடுகிறது. கைபேசி, கணினி, கைக்கடிகாரம் என எந்தத் தொழில்நுட்பச் சாதனமானாலும், பெரிய நிறுவனம் ஒன்று அதை வெளியிடப்போகிறது என்றதும் அதன் பெயர், விலை, வடிவம், வெளியாகும் நாள் ஆகியவை பற்றிய கணிப்புகள் பெருகத் தொடங்குகின்றன. இந்தப் பேச்சில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று எதிர்பார்ப்பு: வரப்போகும் பொருள் அன்றாட வாழ்வில் எதையோ எளிதாக்கிவிடும் என்ற ஆசை. மற்றொன்று ஊகம்: கைக்குக் கிடைத்த அரைகுறைத் தகவல்களைக் கோத்து முழுப் படம் வரைந்து பார்க்கும் முயற்சி. ஆசை ஊகத்தைத் தூண்டுகிறது. ஊகம் ஆசைக்குத் தீனி போடுகிறது.

இன்னும் உருவாகி முடியாத ஒரு பொருளைச் சுற்றி நடக்கும் இந்தப் பேச்சில் உண்மையான பணம் புழங்குகிறது. பங்கு விலை ஏறி இறங்குகிறது. கடையில் இருக்கும் பழைய மாதிரி விலைபோகாமல் தேங்குகிறது. போட்டி நிறுவனங்கள் தங்கள் திட்டங்களை மாற்றுகின்றன. வாங்க வந்தவர் 'இன்னும் இரண்டு மாதம் பொறுப்போம்' என்று வெறுங்கையோடு திரும்புகிறார். ஆகவே இதைப் பொழுதுபோக்கு அரட்டையாக ஒதுக்கிவிட முடியாது. இந்த எதிர்பார்ப்பு எப்படிப் பிறக்கிறது, யாரால் வளர்க்கப்படுகிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அறிய, 2007-இல் வெளிவந்த முதல் ஐபோனைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

ஊகம் பிறக்கும் இடம்

ஆப்பிள் நிறுவனம் கைபேசி தயாரிக்கும் என்ற பேச்சு, அது வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2002 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதற்கான அறிகுறிகளைத் தொகுத்துக் கட்டுரை வெளியிட்டது. ஐபோன் என்ற பெயர் கொண்ட ஓர் இணைய முகவரியை அந்நிறுவனம் 1999-லேயே பதிவுசெய்து வைத்திருந்தது.

பேச்சுக்கு வலுவான காரணமும் இருந்தது. 2001-இல் அறிமுகமான ஐபாட் என்ற இசைக்கருவிதான் ஆப்பிளை நெருக்கடியிலிருந்து தூக்கி நிறுத்தியிருந்தது. 2006 நிதியாண்டில் மட்டும் சுமார் 3.9 கோடி ஐபாடுகள் விற்றன. அதே காலத்தில் கைபேசிகளும் பாட்டுக் கேட்கும் கருவிகளாக மாறிக்கொண்டிருந்தன. ஒரே சட்டைப்பையில் இரண்டு கருவிகளை மக்கள் எத்தனை நாள் சுமப்பார்கள்? கைபேசி வந்து ஐபாடை விழுங்குவதற்கு முன் ஆப்பிளே ஒரு கைபேசியைச் செய்தாக வேண்டும் என்பது வெளியில் இருந்தவர்களுக்கும் தெரிந்த கணக்கு.

2005 செப்டம்பரில் அந்தக் கணக்குக்கு ஒரு விடை வந்தது. ஆனால் அது தவறான விடை. மோட்டோரோலாவுடன் ஆப்பிள் கைகோத்து 'ரோக்கர்' என்ற கைபேசியை வெளியிட்டது. அதில் 100 பாடல்களுக்கு மேல் ஏற்ற முடியாது. பலருக்கும் ஏமாற்றம். ஆனாலும் ஊகம் தணியவில்லை. கூட்டாளியை நம்பிப் பயனில்லை, இனி ஆப்பிள் தானே களமிறங்கும் என்று அது இன்னும் உறுதிப்பட்டது. எதிர்பார்ப்பு நிறைந்த சூழலில், ஏமாற்றம்கூட அடுத்த எதிர்பார்ப்புக்கான சான்றாகவே படிக்கப்படுகிறது.

2006 இறுதியில் பேச்சு உச்சத்தை எட்டியது. நவம்பரில் பாம் நிறுவனத்தின் தலைவர் எட் காலிகன், கணினி செய்பவர்கள் அவ்வளவு எளிதில் கைபேசித் தொழிலுக்குள் நுழைந்துவிட முடியாது என்ற கருத்தை வெளிப்படையாகவே சொன்னார். இன்னும் இல்லாத ஒரு பொருளுக்குப் போட்டியாளர் பதில் சொல்லும் நிலை வந்திருந்தது. 'ஐபோன்' என்ற பெயரின் வணிகச் சின்ன உரிமையோ சிஸ்கோ நிறுவனத்திடம் இருந்தது. டிசம்பரில் சிஸ்கோ தன் லிங்க்ஸிஸ் பிரிவின் வழியாக அந்தப் பெயரில் இணையத் தொலைபேசிகளை வெளியிட்டது. அடுத்த மாதம் ஆப்பிள் அதே பெயரை அறிவித்ததும், மறுநாளே சிஸ்கோ வழக்குத் தொடுத்தது. பிப்ரவரியில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆப்பிள் கைபேசி செய்யுமா என்ற கேள்விக்கு ஊகம் சரியான விடை சொன்னது. அந்தக் கைபேசி எப்படி இருக்கும் என்ற கேள்வியில் அது தோற்றது. அன்று வரையப்பட்ட கற்பனைப் படங்களில் பெரும்பாலானவை, சுழல் சக்கரம் வைத்த ஐபாடில் தொலைபேசி எண்களை ஒட்டவைத்தவை. பொத்தான்களே இல்லாமல், முகம் முழுவதும் விரலால் தொட்டு இயக்கும் திரையாக அமைந்த கருவியை அவை எட்டவில்லை. ஊகம் தெரிந்த பொருள்களின் துண்டுகளைக் கொண்டே தெரியாத பொருளைக் கட்டுகிறது. அதனால் ஒரு சாதனம் எந்த அளவுக்குப் புதியதோ அந்த அளவுக்கு அதைப் பற்றிய ஊகம் தவறிப்போகும்.

ரகசியத்தின் அமைப்பு

ஊகம் வளர்வதற்கு ரகசியம் வேண்டும். ஆப்பிள் அந்த ரகசியத்தை ஒரு தொழிற்பிரிவைப் போலவே நடத்தியது. ஐபோன் திட்டத்துக்கு உள்ளே வைத்த பெயர் 'பர்ப்பிள்'. மென்பொருள் குழுவை நடத்திய ஸ்காட் ஃபார்ஸ்டால், 2012-இல் சாம்சங் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் சாட்சியம் அளித்தபோது அந்த நாள்களை விவரித்தார். நிறுவனத்துக்குள் இருந்தே திறமையானவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் என்ன வேலை, யாரின் கீழ் வேலை என்பதைச் சொல்லாமலே அவர்களை அழைத்தார்கள். கூபர்டினோ வளாகத்தில் ஒரு கட்டடத்தின் தளம் முழுவதும் அடைக்கப்பட்டது; கதவுக்குக் கதவு அடையாள அட்டைக் கருவிகளும் கேமராக்களும் பொருத்தப்பட்டன. வன்பொருள் செய்தவர்களில் பலர் மென்பொருளைப் பார்த்ததில்லை. மென்பொருள் எழுதியவர்களில் பலர் கருவியைப் பார்த்ததில்லை. கைபேசிக்குச் சேவை வழங்க ஒப்புக்கொண்ட சிங்குலர் நிறுவனத்திலும், அதைப் பார்க்க அனுமதி பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

வெளியே கசிந்தால் நீதிமன்றம் வரை போகவும் நிறுவனம் தயங்கவில்லை. 2005 ஜனவரியில், மேக் மினி கணினியின் விவரங்களை அறிவிப்புக்கு முன்பே வெளியிட்ட, கல்லூரி மாணவர் ஒருவர் நடத்திய செய்தித்தளத்தின் மீது ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2007 டிசம்பரில் ஏற்பட்ட சமரசத்தின்படி அந்தத் தளம் மூடப்பட்டது. மற்றொரு வழக்கில் தீர்ப்பு நிறுவனத்துக்கு எதிராகப் போனது. 2006 மே மாதம் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், இணையத்தில் செய்தி எழுதுபவர்களுக்கும் தங்களுக்குத் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்காதிருக்கும் உரிமை உண்டு என்று தெளிவுபடுத்தியது.

ரகசியம் காப்பதில் நியாயமான தேவை இருக்கிறது. போட்டியாளர் நகலெடுத்துவிடக் கூடாது. கடையில் இருக்கும் சரக்கு விற்க வேண்டும். முடியாத வேலையைப் பற்றி வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் ரகசியம் இன்னொரு வேலையையும் செய்கிறது. மூடிய கதவு வழிப்போக்கரை நிற்கவைக்கிறது. பத்திரிகைகளும் ஆய்வாளர்களும் ஒரு காசு வாங்காமல் அந்தக் கதவுக்கு முன் கூட்டம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விளம்பரத்துக்குச் செலவிடும் பணத்தால் வாங்க முடியாத கவனத்தை, மௌனம் இலவசமாகப் பெற்றுத் தருகிறது.

திரை விலகிய நாள்

2007 ஜனவரி 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த மேக்வேர்ல்டு மாநாட்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தினார். தொடுதிரை கொண்ட ஐபாட், ஒரு கைபேசி, இணையத்துக்கான கருவி என மூன்று பொருள்களை அறிவிப்பதுபோலத் தொடங்கி, மூன்றும் ஒன்றே என்று முடித்தார். பழைய தொலைபேசியின் சுழல்வட்டை ஐபாடில் ஒட்டிய வேடிக்கைப் படம் ஒன்றையும் திரையில் காட்டினார். ஐந்தாண்டு ஊகத்துக்கு அவர் வைத்த முற்றுப்புள்ளி அது. அன்று ஒரே நாளில் ஆப்பிள் பங்கின் விலை 8 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது.

அன்று மேடையில் இருந்தது விற்பனைக்குத் தயாரான பொருள் அன்று என்பது பின்னாளில் தெரியவந்தது. அப்போது உலகத்தில் இருந்த ஐபோன்களே ஏறத்தாழ நூறுதான். மின்னஞ்சல் அனுப்பிவிட்டு இணையத்தைப் பார்த்தால் வேலை செய்யும்; வரிசையை மாற்றினால் நின்றுபோகும். ஆகவே எதற்குப் பின் எதைக் காட்டுவது என்று பொறியாளர்கள் ஒரு பாதையை வகுத்துத் தந்தார்கள். அலைவரிசை எப்படி இருந்தாலும் திரையில் ஐந்து கோடுகள் தெரியும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. திட்டத்தில் வேலை செய்த பொறியாளர்களே பின்னர் இவற்றைப் பகிர்ந்துகொண்டார்கள். அறிமுக மேடையில் காட்டப்படுவது பொருளின் உறுதிமொழி. பொருள் அதற்குப் பின்னால்தான் வரும்.

ஆறு மாதம் கழித்து விற்கப்போவதை அப்போதே அறிவித்ததற்கு ஜாப்ஸ் சொன்ன காரணம் முக்கியமானது. அமெரிக்காவில் அலைக்கற்றையைப் பயன்படுத்தும் கருவி எதுவானாலும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அதற்காகத் தாக்கல் செய்யும் ஆவணங்கள் பொதுவெளிக்கு வந்துவிடும். அரசு ஆவணம் வழியாக உலகம் தெரிந்துகொள்வதைவிடத் தாங்களே அறிவிப்பது மேல் என்று நிறுவனம் முடிவெடுத்தது.

சொல்லப்படாத மற்றொரு காரணத்தையும் எளிதில் ஊகிக்கலாம். அன்று ஆப்பிளிடம் விற்பனையில் வேறு கைபேசி கிடையாது. முன்கூட்டியே அறிவித்தால் விற்பனை கெடக்கூடிய பழைய சரக்கும் கிடையாது. அந்த வசதி இல்லாத ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பது தொழில்நுட்பத் துறை முழுவதும் அறிந்த கதை. அந்தக் கதையின் நாயகர் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்.

திருவண்ணாமலையில் வளர்ந்த சிறுவன்

ஆடம் ஆஸ்பர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்தவர். அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன், ரமண மகரிஷியின் அடியவர். ரமணாச்ரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கி ஆசிரியராக இருந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது தந்தை ஜப்பானியரின் காவலில் இருக்க, குடும்பம் திருவண்ணாமலையில் தங்கியது. மகனின் குழந்தைப் பருவம் அண்ணாமலையின் அடிவாரத்தில் கழிந்தது. பின்னர் இங்கிலாந்தில் படித்து, அமெரிக்காவுக்குச் சென்று, கணினி நூல்கள் எழுதிப் பெயர்பெற்றார்.

1981-இல் அவர் வெளியிட்ட 'ஆஸ்பர்ன் 1' கணினி, தூக்கிச் செல்லும் வகையில் அமைந்து வணிக வெற்றி பெற்ற முதல் கணினி. எடை சுமார் 11 கிலோ. திரை ஐந்து அங்குலம். விலை 1,795 டாலர். தேவையான மென்பொருள்களையும் அதே விலையில் சேர்த்துக் கொடுத்தார். உச்சத்தில் மாதம் 10,000 கணினிகள் விற்றன.

1983-இல் 'எக்ஸிகியூட்டிவ்' என்ற மேம்பட்ட மாதிரியும் அதற்கடுத்த மாதிரிகளும் வரவிருப்பதைப் பற்றி, சரக்கு கடைக்குப் போகும் முன்பே அவர் பத்திரிகையாளர்களிடம் பேசத் தொடங்கினார். செய்தி பரவியதும் விற்பனையாளர்கள் பழைய மாதிரிக்குக் கொடுத்திருந்த ஆணைகளை நிறுத்தினார்கள் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. புதியது வரும்வரை பழையதை வாங்க ஆளில்லை. புதியதைத் தயாரித்து அனுப்பப் பணமில்லை. 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. முன்கூட்டிய அறிவிப்பு இருக்கும் பொருளின் விற்பனையைக் கொல்வதற்கு 'ஆஸ்பர்ன் விளைவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த வீழ்ச்சிக்கு அறிவிப்பு மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஒன்பது அங்குலத் திரையுடன் 1,595 டாலருக்குக் கிடைத்த கேப்ரோ கணினியின் போட்டி, ஐபிஎம் வகைக் கணினிகளை நோக்கிச் சந்தை திரும்பியது, வேகமான வளர்ச்சியைத் தாங்காத நிர்வாகம் ஆகியவையும் சேர்ந்துதான் நிறுவனத்தை வீழ்த்தின. ஆனால் அடிப்படை உண்மை மாறவில்லை: எதிர்பார்ப்பு, தன் சொந்தப் பொருளையே விற்கவிடாமல் தடுக்கும் வலிமை கொண்டது. நோய்வாய்ப்பட்ட ஆடம் ஆஸ்பர்ன் பிற்காலத்தில் தமிழ்நாட்டுக்கே திரும்பிவந்தார். 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார்.

அவர் பெயரால் வழங்கும் விளைவு ஆப்பிளையும் விட்டுவைக்கவில்லை. 2011-இல் புதிய ஐபோன் வருகிறது என்ற பேச்சு பரவியபோது, அந்நிறுவனத்தின் காலாண்டு விற்பனை 2.03 கோடியிலிருந்து 1.71 கோடி ஐபோன்களாகக் குறைந்தது. வதந்திகளால் மக்கள் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள் என்று நிறுவனமே விளக்கம் தந்தது. இத்தனைக்கும் அப்போது அது எதையும் அறிவித்திருக்கவில்லை. 1983-இல் முதலாளியின் வாய்ச்சொல் செய்த வேலையை, 2011-இல் ஊரார் பேச்சே செய்து முடித்தது.

ஆறு மாதக் காத்திருப்பு

2007-க்குத் திரும்பினால், ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடைப்பட்ட நாள்களில் எதிர்பார்ப்பு எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்கியது என்பது விளங்கும். மே 16 அன்று, ஐபோன் வெளியீடு அக்டோபருக்குத் தள்ளிப்போகிறது என்ற செய்தியை ஒரு தொழில்நுட்பச் செய்தித்தளம் வெளியிட்டது. ஆப்பிள் ஊழியர்களுக்கு வந்த உள் மின்னஞ்சலே அதற்கு ஆதாரம். அந்த மின்னஞ்சல் போலியானது. உண்மை தெரிவதற்குள், சில நிமிடங்களில், நிறுவனத்தின் சந்தை மதிப்பில் சுமார் 400 கோடி டாலர் கரைந்தது. மறுப்பு வந்ததும் விலை பெருமளவு மீண்டது. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் பதறி விற்றவர்களின் நஷ்டம் மீளவில்லை.

ஜனவரியில் காட்டிய கருவியும் ஜூனில் விற்ற கருவியும் ஒன்றல்ல. முதலில் திரை பிளாஸ்டிக். சட்டைப்பையில் சாவியோடு உரசினால் கீறல் விழுந்தது. அதைக் கண்ணாடியாக மாற்ற முடிவெடுத்து, கார்னிங் நிறுவனத்தை அவசரமாகத் தயாரிக்கவைத்தார்கள். இந்த மாற்றத்தை வெளியீட்டுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, ஜூன் 18 அன்றுதான் ஆப்பிள் அறிவித்தது. ஐந்து மணி நேரம் என்று முதலில் சொன்ன பேசும் நேரமும் எட்டு மணி நேரமாக உயர்ந்தது. இந்த முறை மாற்றம் வாங்குபவருக்குச் சாதகமாக அமைந்தது. எல்லா முறையும் அப்படி அமைவதில்லை.

ஜூன் 29 மாலை ஆறு மணிக்கு விற்பனை தொடங்கியது. பல நாள்களுக்கு முன்பே சிலர் நியூயார்க் ஐந்தாம் நிழற்சாலைக் கடை வாசலில் இடம்பிடித்திருந்தார்கள். 4 ஜிபி மாதிரி 499 டாலர். 8 ஜிபி மாதிரி 599 டாலர். முதல் வார இறுதியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கும் என்று சந்தை ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஜூலை 24 அன்று, முதல் இரண்டு நாளில் இயக்கத்துக்கு வந்தவை 1,46,000 மட்டுமே என்று சேவை நிறுவனமான ஏடி அண்டு டி (முன்பு சிங்குலர்) அறிவித்ததும் ஆப்பிள் பங்கு 6 சதவீதம் விழுந்தது. மறுநாள் ஆப்பிள், அந்த இரண்டு நாளில் விற்றவை 2,70,000 என்றதும் மீண்டும் எழுந்தது. முதல் கைபேசியை வெளியிடும் நிறுவனத்துக்கு இரண்டே நாளில் 2,70,000 என்பது சாதனை. ஆயினும் அது ஆய்வாளர் கணிப்போடு ஒப்பிடப்பட்டதால் முதலில் சறுக்கலாகத் தோன்றியது.

ஆர்வத்தோடு முதலில் வாங்கியவர்களுக்குத்தான் கடைசி அடி. 68-ஆவது நாள், செப்டம்பர் 5 அன்று, 599 டாலர் மாதிரியின் விலை 399 டாலராகக் குறைக்கப்பட்டது. வெயிலிலும் மழையிலும் வரிசையில் நின்றவர்கள் கொதித்தார்கள். மறுநாள் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, முன்பு வாங்கியவர்களுக்கு 100 டாலர் மதிப்புள்ள கடைச் சலுகையை அறிவித்தார். எதிர்பார்ப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதை இதைவிடத் துல்லியமாக அளந்து காட்ட முடியாது: அன்று அது 200 டாலர், அதில் பாதி, அதுவும் கடைக்குள்ளேயே செலவழிக்க வேண்டிய வடிவில், திரும்பி வந்தது.

எதிர்பார்ப்பின் சுமை

ஐபோன் கடைசியில் தன் மீது ஏற்றப்பட்ட எதிர்பார்ப்பைச் சுமந்து நின்றது. எல்லாப் பொருளும் அப்படி நிற்பதில்லை. 2001 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு புத்தகத்துக்கான முன்மொழிவு கசிந்தது. டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 'ஜிஞ்சர்' என்ற மறைபெயரில் ஏதோ செய்கிறார். அதைப் பற்றிய நூலுக்கு ஒரு பதிப்பகம் 2,50,000 டாலர் தருகிறது என்பதே செய்தி. அது என்ன கருவி என்பது மட்டும் தெரியவில்லை. நகரங்களே அதற்கேற்ப மாற்றியமைக்கப்படும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் கருதுவதாகவும், வேறெந்த நிறுவனத்தையும்விட வேகமாக அது நூறு கோடி டாலர் விற்பனையை எட்டும் என்று முதலீட்டாளர் ஜான் டோர் நம்புவதாகவும் தகவல்கள் வந்தன. பறக்கும் கருவியோ, புதுவகை எரிசக்தியோ என்று ஓராண்டு முழுவதும் அமெரிக்கா ஊகித்தது.

2001 டிசம்பர் 3 அன்று தொலைக்காட்சியில் திரை விலகியபோது வெளிப்பட்டது, நின்றபடி ஓட்டும் இரண்டு சக்கர வண்டி: செக்வே. தானே சமநிலை காக்கும் அந்த வண்டியின் பொறியியல் உயர்தரமானது. வாரத்துக்கு 10,000 விற்கும் என்று கேமன் எதிர்பார்த்தார். 2003 செப்டம்பரில், மின்கலம் தளரும்போது ஓட்டுபவர் விழக்கூடும் என்பதற்காக விற்ற வண்டிகள் அனைத்தையும் திருத்தத்துக்குத் திரும்ப அழைத்தபோதுதான், மொத்தமே சுமார் 6,000 விற்றிருப்பது உலகுக்குத் தெரிந்தது. 2020-இல் தயாரிப்பு நின்றபோது, இருபது ஆண்டுகளில் விற்றவை ஏறத்தாழ 1,40,000. காவலர்களுக்கும் சுற்றுலாத் தலங்களுக்கும் பயன்பட்ட நல்ல வண்டி அது. உலகை மாற்றும் என்று சொல்லப்படாமல் வந்திருந்தால், அதை யாரும் தோல்வி என்று அழைத்திருக்க மாட்டார்கள்.

இதே அளவுகோல் 2011 அக்டோபர் 4 அன்று ஆப்பிளின் மீதும் விழுந்தது. எல்லோரும் 'ஐபோன் 5' என்று சொல்லிக்கொண்டிருக்க, வெளிவந்தது பழைய வடிவத்திலேயே இருந்த '4எஸ்'. பங்கு விலை அன்று ஒரு கட்டத்தில் 5 சதவீதம் சரிந்தது. ஆனால் விற்பனைக்கு வந்த முதல் மூன்று நாளில் 40 லட்சம் கருவிகள் விற்றன. ஏமாந்தவர்கள் ஊகித்தவர்கள், வாங்கியவர்களுக்கு ஏமாற்றம் இருக்கவில்லை.

விலை என்னும் தூண்டில்

ஊகத்தால் நிறுவனத்துக்குக் கிடைக்கும் ஆதாயம் விலையில் வெளிப்படுகிறது. 2010 ஜனவரிக்கு முன் ஆப்பிளின் பலகைக் கணினிக்கு ஆயிரம் டாலரை ஒட்டி விலை இருக்கும் என்று பரவலாகப் பேசப்பட்டது. ஜனவரி 27 அன்று அந்தப் பலகைக் கணினியான ஐபேடை அறிமுகப்படுத்திய ஜாப்ஸ், அந்தக் கணிப்பையே எடுத்து 999 டாலர் என்று திரையில் காட்டினார். பிறகு அந்த எண் நொறுங்கி விழ, 499 டாலர் என்ற எண் எழுந்தது. அரங்கம் ஆர்ப்பரித்தது. 499 டாலர் மலிவா இல்லையா என்று தனியாக யோசிக்க இடமில்லாமல், ஆயிரத்தோடு ஒப்பிட்டே மக்கள் மனம் முடிவெடுத்தது. முதலில் காதில் விழும் எண்ணையே மனம் அளவுகோலாகப் பிடித்துக்கொள்ளும் என்பதை ஏமஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற உளவியலாளர்கள் 1974-லேயே விளக்கியிருக்கிறார்கள். அந்த முதல் எண்ணை ஐபேடுக்கு இலவசமாக ஊன்றிக் கொடுத்தது ஊகம்.

இந்தியாவில் அதே தூண்டில் வேறு விதமாக உறுத்தியது. 2008 ஜூலையில் அமெரிக்காவில் வெளியான ஐபோன் 3ஜி-யின் விலை, இரண்டாண்டு ஒப்பந்தத்துடன் 199 டாலர் என்ற செய்தி இங்கும் பரவியது. அன்றைய மதிப்பில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. ஆகஸ்ட் 22 அன்று ஏர்டெல், வோடஃபோன் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 31,000 ரூபாய். அங்கே மிச்சத் தொகையை மாதக் கட்டணத்தில் வசூலித்தார்கள். இங்கே முழு விலையும் முன்கூட்டியே கேட்கப்பட்டது. எண் மட்டும் கடல் கடந்து வந்தது. அதன் பின்னிருந்த நிபந்தனை வரவில்லை.

கசிவின் புதிய வழி

2007-க்கும் இன்றைக்கும் இடையே ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. அன்று ஐபோன் முதலில் அறிவிக்கப்பட்டது. பெருமளவு உற்பத்தி பிறகு தொடங்கியது. இன்றோ அறிவித்த சில நாளில் பல நாடுகளில் லட்சக்கணக்கில் விற்றாக வேண்டும். ஆகவே அறிவிப்புக்கு வாரக்கணக்கில் முன்பே உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கும். திரை, கேமரா, மின்கலம், உறை என்று பல நாட்டு ஆலைகளில் செய்யப்படும் ஒரு கருவியை முழு ரகசியமாகக் காப்பது நடக்காத காரியம்.

அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி தமிழ்நாட்டில் இருக்கிறது. நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014-இல் மூடப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், இன்று ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பொருத்துகிறது. 2022-இல் ஐபோன் 14 அறிவிக்கப்பட்டுச் சில வாரங்களில் இங்கே உற்பத்தி தொடங்கியது. 2023-இல் இன்னும் ஒரு படி: ஐபோன் 15 உலகச் சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே இந்தியாவில் செய்த கருவிகளும் விற்பனைக்கு வந்தன. கலிஃபோர்னியாவில் திரை விலகும் முன்பே, சென்னையை ஒட்டிய ஆலையில் இளம்பெண்கள் அந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பொருத்தியிருந்தார்கள் என்பதே இதன் பொருள்.

இதனால் ஊகத்தின் தன்மையும் மாறிவிட்டது. 2010 ஏப்ரலில், கலிஃபோர்னியாவில் ஒரு மதுக்கூடத்தில் தவறவிடப்பட்ட ஐபோன் 4 முன்மாதிரியை 5,000 டாலர் கொடுத்து வாங்கிய ஒரு செய்தித்தளம், அறிவிப்புக்கு ஏழு வாரம் முன்பே அதைப் பிரித்துக் காட்டியது. அன்று அது உலகச் செய்தி. இன்று புதிய கைபேசியின் அளவு, நிறம், கேமரா எண்ணிக்கை ஆகியவை முன்கூட்டியே தெரிந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆலைக்கு உறை செய்பவரும் உதிரிபாகம் தருபவரும் அறிந்ததே அது. ஆனால் அந்தக் கருவியின் மின்கலம் ஒரு கோடைக்காலத்தைத் தாங்குமா, மென்பொருள் தடுமாறாமல் ஓடுமா, மூன்றாண்டு கழித்தும் பயன்படுமா என்பதை எந்தக் கசிவும் சொல்லாது. வெளியே கசிவது வடிவம் மட்டுமே. பயன் என்பது பயன்படுத்தும்போதுதான் தெரியும். வாங்குபவருக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

எதை நம்புவது, எப்போது வாங்குவது

முன்கூட்டிய தகவல்கள் எல்லாமே ஒரே எடை கொண்டவை அல்ல. அரசு அமைப்பிடம் தாக்கலான அனுமதி விண்ணப்பமும் வணிகச் சின்னப் பதிவும் ஆவணங்கள், நம்பலாம். காப்புரிமை விண்ணப்பம், ஒரு எண்ணம் இருந்ததற்கான சான்று மட்டுமே. அது பொருளாகாமலே போகலாம். உதிரிபாக ஆலைத் தகவல் வடிவத்தைச் சொல்லும், வேலைத்திறனைச் சொல்லாது. ஆய்வாளரின் விற்பனைக் கணிப்பு ஒரு கருத்து. பெயரில்லாத மின்னஞ்சல், 2007 மே மாதம் காட்டியதுபோல, ஒன்றுமே இல்லை. இந்த வேறுபாட்டைச் செய்தியிலேயே தெளிவாகக் குறிப்பிடுவது பத்திரிகைகளின் கடமை. 'வெளியாகிறது' என்பதும் 'வெளியாகலாம்' என்பதும் ஒன்றல்ல. தலைப்பில் 'லாம்' என்ற ஈரெழுத்தை மறைப்பது வாசகருக்குச் செய்யும் தீங்கு.

நிறுவனங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. புதிய மாதிரி விரைவில் வரும், பழையதன் விலை குறையும் என்பதை அறிந்துகொண்டே, அந்த வாரம் வரை பழையதை முழு விலைக்கு விற்பது முறையல்ல. அப்படி வாங்கியவர்களுக்கு விலை வேறுபாட்டைத் திருப்பித் தருவது, 2007 செப்டம்பரில் கோபத்துக்கு அஞ்சிச் செய்த சலுகையாக நின்றுவிடாமல், எல்லா நிறுவனங்களுக்கும் விதியாக வேண்டும்.

வாங்குபவருக்கான கணக்கு எளிமையானது. கையில் இருக்கும் கருவி வேலை செய்கிறது என்றால், அறிவிப்பு நாளுக்கோ விற்பனையின் முதல் நாளுக்கோ அவசரப்படத் தேவையில்லை. முதல் ஐபோனில் வேறு நிறுவனச் செயலிகளை நிறுவ முடியாது; எழுத்தை வெட்டி ஒட்ட முடியாது; மூன்றாம் தலைமுறை இணையமும் கிடையாது. செயலிக் கடை 2008 ஜூலையில் வந்தது. வெட்டி ஒட்டும் வசதி 2009-இல் வந்தது. பொறுத்தவர்கள் குறைந்த விலையில் நிறைவான கருவியைப் பெற்றார்கள். கையில் இருக்கும் கருவி பழுதாகி வேலை கெடுகிறது என்றால், வரப்போவதாகச் சொல்லப்படுவதற்காகக் காத்திருப்பது வீண். இன்று கடையில் இருப்பதில் நல்லதை வாங்குவதே சரி. கடையில் கையிலெடுத்துப் பார்க்க முடிந்த பொருளுக்கு மட்டும் பணம் கொடுங்கள், பேச்சுக்குக் கொடுக்காதீர்கள்.